நடேசனுடைய பேரில் ஒன்பது போன்

ஜெர்மனியின் எசன் நகரத்துக்குப் புதிதாக வந்திறங்கும் தமிழனுக்கு மூன்று சாமான் கட்டாயம் வேண்டும் என்று சனங்களுக்குள் ஒரு பகிடி இருந்தது. குளிருக்கு ஒரு மொத்த ஜக்கற், சோறு காய்ச்ச ஒரு பானை, போன் எடுக்க நடேசனுடைய பேர். ஜக்கற்றையும் பானையையும் காசு கொடுத்து வாங்கவேண்டும். நடேசனுடைய பேர் சும்மா கிடைக்கும். கூடவே ஒரு பால்தேத்தண்ணியும் கிடைக்கும்.

வந்த புதிதில் ஒருவனுக்கு விசாவும் அரைகுறை, சம்பளத் துண்டும் இராது. மாதக் கணக்கில் போன் தருகிற கடைக்காரன் அவனை நம்பமாட்டான். நடேசனோ முப்பது வருசமாக ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்து, சூப் காய்ச்சி, ஜெர்மன் கடவுச்சீட்டும் எடுத்து வைத்திருக்கிற மனுசன். அவர் போய்க் கையெழுத்து வைத்தால் கடைக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு போனைத் தூக்கித் தருவான். கையெழுத்து நடேசனுடையது, மாதக் காசு வந்தவனுடையது. அதுதான் பேச்சு. அதற்கு மேல் ஒரு துண்டுக் கடதாசி எழுதிக்கொண்டது கிடையாது. எழுதினால் மரியாதைக் குறைவு அல்லவா?

உதவி கேட்க வருகிறவனை நடேசனுடைய மனைவி கனகவல்லி குசினிக்குள் இருந்தே கண்டுபிடித்துவிடுவாள். வருகிறவன் முதலில் சப்பாத்தைக் கழற்றி, சோடி சேர்த்து, ஒழுங்காக வைப்பான். பிறகு அவளுடைய முழங்கால் நோவைப் பற்றி விசாரிப்பான். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கான்ரை தேத்தண்ணிக்கு ஒரு கை இருக்கு" என்பான். அதன் பிறகு இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, "அண்ணை, ஒரு சின்ன உதவி" என்று தொடங்குவான்.

அந்த நேரத்தில் நடேசனைப் பார்க்கவேண்டும். சோபாவில் சாய்ந்து கிடந்த மனுசன் நிமிர்ந்து உட்காருவார். ஐந்தடி மூன்றங்குல ஆள் ஆறடியாகிவிடுவார். "சொல்லும் தம்பி, என்ன வேணும்?" என்று கேட்கும்போது குரலே வேறாக இருக்கும். நாள் முழுக்க மேலதிகாரியிடம் 'சூப்பில் உப்புக் குறைவு' என்று பேச்சு வாங்கிவிட்டு வந்த மனுசன்தான் இது. கனகவல்லிக்கு அதைக் கேட்டால் பத்திக்கொண்டு வரும்.

"உங்கட பேரென்ன, கோயில் அன்னதானமே? வாறவன் போறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்கிறதுக்கு?" என்பாள்.

"விசர்க்கதை கதையாதையும். பேர் தேயிற சாமானே?"

"தேயாது. நாறும்."

"நீர் பெரிய ஆள்! உந்தக் கட்லோக்கிலை மாசாமாசம் கடன் வாங்கிற உமக்கு என்னைச் சொல்ல என்ன இருக்கு?"

அங்கேதான் கனகவல்லி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். அவளுக்கு இருந்த ஒரே பலவீனம் கட்லோக். படம் போட்ட தடித்த புத்தகத்தில் பார்த்து, தபாலில் சாமான் எடுப்பித்து, தவணை தவணையாகக் காசு கட்டுகிற பழக்கம். முதலில் எடுத்தது ஒரு திரைச்சீலை. அது முடிய ஒரு தூசி உறிஞ்சும் மெஷின், அது முடிய குளிர்காலச் சப்பாத்து, அது முடிய மெத்தை விரிப்பு. ஒன்று கட்டி முடிகிறபோது மற்றது வந்து இறங்கும். இப்போது புத்தகம் நின்று எல்லாம் போனிலே பார்க்கிறாள், பழக்கம் மட்டும் போகவில்லை. சீட்டுப் பிந்தினாலும் பிந்தும், கட்லோக் காசு ஒரு மாதம் பிந்தியதில்லை. நடேசன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "என்ரை மனுசி கடனிலை திரைச்சீலை வாங்கிப் போட்டிருக்கிறா. கெதியா மூடுங்கோ, வெய்யிலும் வட்டி கேக்கும்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் அந்தக் கார்த்திகை மாதம் ஒரு வீடு வந்து குறுக்கிட்டது.

அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ற் கிடையாது. கனகவல்லி ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். மாலையில் வந்து அந்தப் படிகளுக்கு முன்னால் நிற்கும்போது, உலகத்தில் உள்ள எல்லாச் சாமிகளையும் ஒரு சுற்று கூப்பிட்டுவிட்டுத்தான் முதல் காலை வைப்பாள். அரிசி மூட்டை வாங்கினால் முதலாம் மாடியில் ஒரு இளைப்பு, இரண்டாம் மாடியில் ஒரு அழுகை. டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "படி ஏறாதீர்கள்" என்று லேசாகச் சொல்லிவிட்டார். படி ஏறாமல் பறந்தா போவது?

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இருந்தாள். நடேசன் அவளுக்குத் தினமும் புடிங்கில் ஒரு கரண்டி கூடப் போடுவார். அந்தக் கிழவியின் தங்கை பிரௌ கிறேமருக்கு, பக்கத்துத் தெருவில் நிலத்தோடு ஒரு வீடு வெறுமையாகக் கிடந்தது. புடிங்கின் புண்ணியத்தில் அதைப் பார்க்க நடேசன் தம்பதிக்கு ஒரு ரெர்மின், அதாவது நாளும் நேரமும், குறித்துக் கிடைத்தது. வாசலில் ஒரே ஒரு படி. பின்னால் நாலு கத்தரிக்கன்று வைக்கிற அளவுக்கு மண். கனகவல்லி குசினிக்குள் போய், ஜன்னலைத் திறந்து, அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரௌ கிறேமருக்கு இரண்டு பேரையும் பிடித்துப்போயிற்று.

"எனக்குச் சந்தோசம்தான்" என்றாள் அந்த அம்மா. "வேறு ஆட்களும் கேட்கிறார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை சூஃபா பேப்பரைக் கொண்டு வாருங்கள், கையெழுத்து வைப்போம்."

சூஃபா என்பது, ஒரு ஆள் எடுத்த கடனை, போட்ட கையெழுத்தை ஒழுங்காகக் காப்பாற்றுகிறானா என்று பார்த்துப் புள்ளி போடுகிற இடம். அந்தப் புள்ளி இல்லாமல் ஜெர்மனியில் வாடகைக்கு ஒரு கோழிக்கூடுகூட எடுக்கமுடியாது. நடேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ரை சூஃபாவுக்கு என்ன குறை? எசனிலை பாதிச் சனம் என்ரை பேரிலைதான் கதைக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை யோகேஷ் சாப்பிட வந்தான். மதுரைப் பக்கத்துப் பெடியன், டுசல்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை. அவனுடைய வீட்டு இன்டர்நெட்டும் நடேசனுடைய பேரில்தான் ஓடியது. அந்த நன்றிக்கு அவன் மாதம் தவறாமல் காசும் அனுப்புவான், ஞாயிறு தவறாமல் சோறும் தின்பான். அவனே தன் லப்ரொப்பில் காசு கட்டி நடேசனுடைய சூஃபாவை எடுத்தான். வெளியே சிணுசிணுத்த மழை. மேசையில் ஆட்டிறைச்சிக் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும். யோகேஷ் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

"அங்கிள், இது கொஞ்சம் சீரியஸ். இங்க பாருங்க, அம்புக்குறி சிவப்புல நிக்குது."

"சிவப்பு நல்லதே?"

"பச்சைதான் நல்லது அங்கிள். உங்க பேர்ல ஒம்பது மொபைல் கான்ட்ராக்ட் ஓடுது."

கனகவல்லி அகப்பையைக் கீழே வைத்தாள். "எத்தினை?"

"ஒம்பது, ஆண்ட்டி. என்னோட இன்டர்நெட் தனி."

"இந்த வீட்டிலை மொத்தம் நாலு காது. நாலு காதுக்கு ஒன்பது போனோ?"

"என்ரை ஒண்டு போக, உதெல்லாம் நான் குடுத்த பேர்" என்றார் நடேசன், குரல் இறங்கி.

"அதுல ஒண்ணு ரொம்ப மாசமா பணம் கட்டவே இல்ல. லெட்டர் நிறைய அனுப்பியிருப்பாங்களே அங்கிள்?"

நடேசன் கறிச்சட்டியைப் பார்த்தார். கனகவல்லி நடேசனைப் பார்த்தாள்.

"வந்ததோ இல்லையோ?"

"வந்தது."

"எங்கை?"

"அலுமாரிக்கு மேலை."

"ஆரின்ரை போன்?"

"உந்த ரோல்ஸ் செய்து விக்கிற கலாதேவியின்ரை தம்பி. அவன் லண்டனுக்குப் போட்டான். போனோடை போட்டான். கட்டிப்போடுவான் எண்டு நினைச்சன். எப்பிடிப்பா கேக்கிறது? அவன் போகேக்கை காலிலை விழுந்து கும்பிட்டிட்டுப் போனவன்."

"கும்பிட்ட கையோடை காசையும் வைச்சிட்டுப் போயிருக்கலாமே, கோதாரி விழுவான்! ஐயோ, என்ரை வீடு போச்சே!"

அவள் உண்மையாகவே அழுதுவிட்டாள். யோகேஷ் பதறிப்போய்ச் சமாதானம் சொன்னான். "ஆண்ட்டி, இம்ப்ரூவ் பண்ணலாம். பழைய பாக்கியை உடனே கட்டிடுங்க, ஆனா அந்த என்ட்ரி உடனே போகாது. தேவையில்லாத கான்ட்ராக்ட்டை அவங்கவங்க பேருக்கு மாத்தச் சொல்லுங்க. அப்புறம் அங்கிள், சின்னதா எதாவது இன்ஸ்டால்மென்ட்ல வாங்கி கரெக்டா கட்டினா ஹிஸ்டரி பில்ட் ஆகும்."

"எத்தினை நாளிலை?"

"நாள் இல்ல அங்கிள். வருஷம்."

நடேசன் கடைசிச் சொல்லைக் கேட்கவில்லை. அதற்கு முதல் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். அவருடைய காது எப்போதும் அப்படித்தான்.

பாக்கியை அன்றே கட்டினார்கள். அடுத்த நாள் மாலை கலாதேவி வீட்டுக்கு வெளிக்கிட்டார்கள். கலாதேவியிடம் நடேசனுடைய பேரில் மூன்று போன் இருந்தன, லண்டன் போனதைச் சேர்க்காமல். அவளுக்கு இப்போது விசா, வேலை எல்லாம் ஒழுங்கு. தன் பேருக்கு மாற்ற ஒரு தடையும் இல்லை. வழியில் கனகவல்லி சட்டம் போட்டாள்.

"அங்கை போய்ப் பச்சைத் தண்ணியும் குடிக்கப்படாது. வாயிலை ஒண்டு பட்டுதெண்டால் பேந்து கேக்கேலாது. கதவடியிலை நிண்டே கேக்கிறம், வாறம்."

"ஓமோம். கதவடியிலை."

கலாதேவி கதவைத் திறந்தபோது ரோல்ஸ் பொரிக்கிற வாசம் தெருவரைக்கும் வந்து இரண்டு பேரையும் கையில் பிடித்தது. அவள் கொண்டாட்டங்களுக்குச் சிற்றுண்டி செய்து கொடுக்கிறவள். தலையில் துணி கட்டி, கையெல்லாம் ரஸ்க் தூளாக நின்றாள்.

"ஐயோ அண்ணை! அக்கா! மழைக்குள்ளை நிக்கிறியள். உள்ளுக்கு வாங்கோ. நல்ல நேரம் வந்தனீங்கள், முதல் சட்டி இப்பத்தான் இறக்கினனான்."

"இல்லைப் பிள்ளை, நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான்..." என்றார் நடேசன்.

"ரோல்ஸ் சாப்பாடே? சும்மா வாயிலை போடுறது. என்ன அக்கா, முழங்கால் இப்ப எப்பிடி?"

கனகவல்லி போட்ட சட்டம் அந்தக் கேள்வியிலேயே உடைந்தது. உட்கார்ந்தாள். தட்டு வந்தது. இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ், ஒரு மீன் பற்றிஸ், ஓரமாகத் தக்காளிச் சோஸ். கேட்டுவிட்டுச் சாப்பிடுவோம் என்று அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் கலாதேவி பற்றிஸ் ஒன்றை வைத்துவிட்டாள்.

"உப்புச் சரியோ எண்டு சொல்லுங்கோ அக்கா."

உப்பு நல்ல திட்டம், அளவாக இருந்தது. அதுதான் வில்லங்கம். உப்புக் கூடியிருந்தால் அந்தக் கோபத்திலாவது கேட்டிருக்கலாம்.

நடேசன் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, நான் ஒரு விசயமா வந்தனான். உந்தப் போன்..."

"ஐயோ அண்ணை, நானே சொல்லோணும் எண்டு இருந்தனான். உங்கட பேரிலை எடுத்த நம்பர் எனக்கு எவ்வளவு ராசி தெரியுமே? அந்த நம்பரைத்தானே விசிட்டிங் காட்டிலை அடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்கிறன். ஓடர் எல்லாம் அதுக்குத்தான் வருது. உங்களை நினைச்சுத்தான் அடுப்பே மூட்டுறனான்."

நடேசன் சோபாவில் நிமிரத் தொடங்கினார். கனகவல்லி காலால் அவருடைய காலை மிதித்தாள். அவருக்குச் சப்பாத்தும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

"தம்பியின்ரை அலுவலையும் நினைச்சால் எனக்கு வெக்கமா இருக்கு அண்ணை" என்று கலாதேவி கண்ணைத் துடைத்தாள். ரஸ்க் தூள் கண்ணில் பட்டு இன்னும் கூடக் கண்ணீர் வந்தது. "அவனுக்கு அங்கை இன்னும் வேலை சரிவரேல்லை. நான் கட்டிறன். கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிறன்."

"சீச்சீ, அதை நாங்கள் கட்டியிட்டம். நீர் அழாதையும்."

"நீங்கள் தெய்வம் அண்ணை. அது சரி, ஒரு சின்ன உதவி..."

திரும்பி வரும்போது கனகவல்லியின் கையில் ரோல்ஸ் பார்சல் இருந்தது. மூன்று போனை அவளுடைய பேருக்கு மாற்றப் போன நடேசன், கலாதேவியின் மகனுக்குப் பத்தாவது போன் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"நீரெண்டாலும் கேட்டிருக்கலாமே" என்றார் நடேசன்.

"வாய் நிறையப் பற்றிஸ். எப்பிடிக் கேக்கிறது?"

அடுத்த நாள் நடேசன் யோகேஷின் யோசனையை நிறைவேற்ற வெளிக்கிட்டார். முதலில் பெரிய ரீவி ஒன்றைத் தவணைக்குக் கேட்டார். கடைப் பெடியன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அடுத்த கடையில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் கேட்டார். அங்கேயும் தட்டினார்கள், அங்கேயும் தலையாட்டல். மூன்றாவது கடையில் ஒரு சின்ன மின்சார அடுப்புக் கேட்டார். ஒவ்வொரு கடைக்காரனும் தட்டத் தட்ட, 'இந்த ஆள் ஊரெல்லாம் கடன் கேட்டுத் திரிகிறார்' என்று அதுவும் கணக்கில் ஏறியது. ஏற ஏறப் புள்ளி இறங்கியது. இது அவருக்குத் தெரியாது. கடைசியில் வெறுத்துப்போய், ஆகக் குறைந்த விலையில் இருந்த பாண் வாட்டுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், "இதுக்காவது தவணை தாருங்கோ" என்று நின்றார். காசுப் பெட்டியடியில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

கனகவல்லி வேலை முடிந்து வந்தபோது, இரண்டாம் மாடிப் படியில் நடேசன் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி.

"என்னப்பா உது?"

"ரோஸ்ற்றர். இதுக்குத் தவணை இல்லையாம். காசு குடுத்து வாங்கினன்."

"எங்களுக்கு ஆர் பாண் வாட்டித் தின்னுறது?"

"வெறுங்கையோடை வர வெக்கமாக் கிடந்துது."

கனகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் மனுசன் நிமிரவில்லை.

"முப்பது வருசம்" என்றார் நடேசன். "ஊரிலை எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இல்லை. இஞ்சை வந்தும் கிழங்குதான் உரிச்சனான். என்னட்டை ஆள் வந்து கேக்கிறதுக்கு வேறை என்ன இருந்தது? இந்தப் பேர் ஒண்டுதான். இண்டைக்கு அந்தப் பெடியன் என்ரை பேரை அடிச்சுப் பாத்திட்டு, ஏதோ நோய்க்காரனைப் பாக்கிற மாதிரிப் பாத்தான். உமக்கு ஒரு படியில்லாத வீடு எடுத்துத் தர ஏலாமல் போச்சு."

அவள் திட்டுவதற்கு ஆயத்தப்படுத்தி வைத்திருந்ததெல்லாம் நெஞ்சுக்குள் கரைந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு பேருக்கும், கலாதேவியின்ரை பெடியனுக்கும் இனி ஏலாது எண்டு சொல்லவேணும்" என்றார் அவர். "அதை நீர்தான் சொல்லோணும்."

"செருப்பாலை அடிப்பன்" என்றாள் கனகவல்லி. பிறகு இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மிச்சப் படியை ஏறினார்கள்.

வியாழக்கிழமை தொழிற்சாலையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு எடுத்து, இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து, சூடான பெரிய உருளை மெஷினுக்குள் நேராகக் கொடுக்கவேண்டும். ஒரு பக்கம் கோணினாலும் விரிப்புச் சுருண்டு மெஷின் நின்றுவிடும். எதிர் மூலையைப் பிடிக்கிறவள் யோசப்பின், மன்னார்க்காரி, வருசக்கணக்காக அவளோடு ஒரே விரிப்பைப் பிடிக்கிறவள். நீராவிக்குள் நின்று இரண்டு பேரும் கதைத்தே ஆயிரம் கட்டில் விரித்திருப்பார்கள்.

"என்னடி, மூஞ்சை செத்துப்போய்க் கிடக்கு? விரிப்புக் கோணுது."

கனகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிய ஏழெட்டு விரிப்பாவது போயிருக்கும்.

"நாளைக்கு அந்த மனுசிக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"உன்ரை சூஃபாவைப் பாத்தனியே?"

"எனக்கென்ன சூஃபா? அது அவரின்ரை."

"அது என்ன குடும்பக் கார்டே, விசரி? ஆளாளுக்குத் தனி. உனக்குச் சம்பளம் வருகுது, பாங்க் இருக்கு. உன்ரை பேரிலை எத்தினை போன்?"

"ஒண்டுதான். என்னட்டை ஆர் வந்து கேட்டவை?"

"வேறை என்ன கடன்?"

கனகவல்லிக்கு முகம் சிவந்தது. "கட்லோக்" என்றாள், களவு பிடிபட்டவளைப் போல.

"பிந்தினியோ?"

"செத்தாலும் பிந்தமாட்டன்."

சாப்பாட்டு இடைவேளையில் யோசப்பின் தன்னுடைய போனிலேயே காசு கட்டி எடுத்தாள். புட்டும் சம்பலும் திறந்தபடி கிடக்க, இரண்டு தலையும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் முட்டிக்கொண்டன. அம்புக்குறி பச்சையில் நின்றது. சும்மா பச்சை இல்லை, பச்சையின் ஓரத்துக்கே போய் நின்றது. கீழே ஜெர்மனில் ஒரு வரி இருந்தது. யோசப்பின் அதை உரக்க வாசித்தாள்.

"மிகவும் நம்பத்தக்கவர் எண்டு போட்டிருக்கு."

"ஆரை?"

"உன்னைத்தானடி!"

திரைச்சீலையும் குளிர்ச் சப்பாத்தும் மெத்தை விரிப்புமாக, இருபத்தைந்து வருசம் மாசாமாசம் பகிடி கேட்டுக் கேட்டுக் கட்டிய காசு அவளுக்கு இப்படி ஒரு பேரை எடுத்து வைத்திருக்கிறது. இந்த நாட்டில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. கனகவல்லி கண்ணைத் துடைத்தாள், சம்பல் கையால் துடைத்ததில் கண் எரிந்து, மணி அடிக்கும் வரைக்கும் அழுதாள்.

அன்று மாலை அவள் பேப்பரைப் பெரிதாகக் காட்டவில்லை. ரோஸ்ற்றருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். நடேசன் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"இது... உந்தக் கட்லோக்கோ?"

"ஓம். உந்தக் கட்லோக்."

நடேசன் எழும்பிப் போய், ஜன்னலடியில் தொங்கிய பழைய திரைச்சீலையைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பிரௌ கிறேமர் பேப்பரைப் பார்த்தாள். "அருமை! அப்படியானால் ஒப்பந்தம் உங்கள் பேரில். உங்கள் கணவர்?"

நடேசன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார்.

"அவரும் என்னோடை வருவார்" என்றாள் கனகவல்லி. சாமான் பட்டியலில் கடைசிச் சாமானைச் சொல்வது போல இருந்தது. நடேசன் பணிவாகத் தலையாட்டினார்.

வீடு மாறினார்கள். யோசப்பினை இருத்தி வைத்து, நடேசனுடைய பேரில் இருந்த எல்லாப் போனையும் நிற்பாட்டச் சொல்லிக் கனகவல்லி கடிதம் எழுதுவித்தாள். எழுதிய வேகத்தில் நடேசனுடைய சொந்தப் போனும் அதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் காட் போட்டுக் கதைக்கிற போன் வைத்திருந்தார். ஊருக்குக் கதைக்கும்போது நல்ல கட்டத்தில் காசு முடிந்து பேச்சு அறுந்துவிடும். மாதக் கணக்குப் போன் கேட்டுப் போன கடையிலும் அதே தலையாட்டல்தான்.

பால் காய்ச்சிய அன்று கலாதேவி ரோல்ஸ் சட்டியோடு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து வைத்தாள். "வீடு வடிவா இருக்கு அக்கா. முழங்கால் இப்ப எப்பிடி? அக்கா, ஒரு சின்ன..." என்று வாயைத் திறந்தவளின் வாய்க்குள், கனகவல்லி அவளுடைய ரோல்ஸ் ஒன்றையே எடுத்து வைத்தாள்.

"உப்புச் சரியோ எண்டு பாரும் பிள்ளை."

கலாதேவி மென்றாள். மென்று முடிகிறபோது அடுத்தது வந்தது. அன்று அவள் ஒன்றும் கேட்காமலே வீட்டுக்குப் போனாள்.

சித்திரை பிறந்து வெய்யில் எட்டிப் பார்த்த ஒரு பின்னேரம். கனகவல்லி பின்புறத்து மண்ணைக் கிளறிக் கத்தரிக்கன்று வைத்துக்கொண்டிருந்தாள். வேலையால் வந்த நடேசன் வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். வழக்கமாக உதறி எறிகிற மனுசன், குனிந்து இரண்டையும் சோடி சேர்த்து வைத்தார். கனகவல்லி அதை ஓரக் கண்ணால் கண்டாள்.

"முழங்கால் இப்ப எப்பிடியப்பா?" என்றார்.

"பரவாயில்லை."

அவள் தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். "உம்மட தேத்தண்ணிக்கு ஒரு கை இருக்கு."

கனகவல்லி உள்ளே போய் வடைத் தட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"முதல் கதைப்பம்" என்றார் நடேசன் அவசரமாக, தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு. "பிறகு சாப்பிடுறன்."

பிறகு இரண்டு கையையும் தேய்த்தார். "இஞ்சரும், ஒரு சின்ன உதவி."

ஏலாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். யார் கேட்டாலும் ஏலாது என்று யோசப்பினுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தாள். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவளை அறியாமலே முதுகு நிமிர்ந்தது. மண் பட்ட கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒருவர் தன்னிடம் வந்து கேட்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறதா? இத்தனை வருசமும் இந்த மனுசன் இதை விடமுடியாமல் தவித்ததன் காரணம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சொல்லும், என்ன வேணும்?" என்றாள். குரலே வேறாக இருந்தது.

"உம்மட பேரிலை ஒரு போன்..."

"மாசக் காசு?"

"ஒண்டாந் தேதி கையிலை தருவன்."

"பிந்தினால்?"

"செத்தாலும் பிந்தமாட்டன்."

கனகவல்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய மனுசி எடுக்கிற நேரத்தை எடுத்தாள்.

"சரி. நாளைக்குப் பின்னேரம் கடைக்குப் போவம். கையெழுத்து நான் வைக்கிறன்."

நடேசனுக்கு முகம் மலர்ந்தது. கைகூப்பியே விட்டார்.

"மெத்தப் பெரிய உபகாரம், அக்கா" என்றார்.

கனகவல்லி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் வடைத் தட்டை மறுபடி அவருக்கு முன்னால் வைத்தாள்.